சவேனியில் கழற்றிவிட்ட பெட்டி

மூன்று மணி ஐம்பது நிமிடம். ஃபிஜியில் எங்கள் ஊரான சபேட்டோவின் ரயில் நிறுத்தத்துக் கொட்டகையில் சர்க்கரைக் கம்பெனி மாட்டியிருந்த கடிகாரத்தில் நான் பார்த்த நேரம் அது. ரயில் வளைவில் திரும்பி வந்தது. என்ஜினுக்குப் பின்னால் மூன்று பெட்டிகள் இருந்தன. நான்காவது இல்லை. என் மகள் எப்போதும் வருவது நான்காவதில்.

ஒருமுறை எண்ணியது போதாமல் இன்னொரு முறை எண்ணினேன். மூன்றும் புதியவை, பச்சைப் பெயிண்ட் வாசனை இன்னும் போகாதவை. அவற்றிலிருந்து ஆண்கள் இறங்கினார்கள். ஒரு கோழிக்கூடை இறங்கியது. ஒரு மூட்டை அரிசி இறங்கியது. பள்ளிச் சீருடையில் யாரும் இறங்கவில்லை.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. லௌத்தோகா டவுனில் படித்தாள். வாரம் முழுவதும் அங்கே என் தங்கை வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை பிற்பகல் ரயிலில் சபேட்டோவுக்கு வருவாள், திங்கட்கிழமை காலை திரும்பிப் போவாள். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள். நான் தென்னிந்தியர் சங்கத்தின் பள்ளியில் எட்டுவரை படித்தவள். அங்கே தமிழும் இங்கிலீஷும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இங்கிலீஷால் நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ரயில் சர்க்கரை ஆலையின் ரயில். கரும்பு ஏற்றப் போட்ட தண்டவாளத்தில் வாரத்தில் சில நாள் ஜனங்களுக்காக ஒரு வண்டி ஓடும். காசு கிடையாது. காசு வாங்காததால் எங்களை எப்படி நடத்தினாலும் நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது கம்பெனி ஆட்களின் நினைப்பு. பழைய பெட்டிகள் நான்கு. என் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிய அதே மரப்பெட்டிகள். பக்கங்களில் சுவர் கிடையாது, வெயிலுக்கும் மழைக்கும் இறக்கிவிடக் கித்தான் உண்டு. தரைப்பலகை உளுத்து, ஓடும்போது கீழே சரளைக்கல் தெரியும். ஒரு பெட்டியில் பெஞ்சு இரண்டு பேரோடு உடைந்து விழுந்தது. சக்கரம் போடும் சத்தத்துக்கு வயலில் நிற்கும் மாடு மிரளும். அவற்றை மாற்ற வேண்டியதுதான். மாற்றக் கூடாது என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு ஊரில் நான் அப்படிச் சொன்னதாகப் பேசினார்கள்.

நான் சொன்னது வேறு. கடைசிப் பெட்டி பெண்களுடையது. கம்பெனி அப்படி எந்த விதியும் போடவில்லை, பலகை எதுவும் மாட்டவில்லை. ஒப்பந்தக் கூலிகளாக வந்து லைன் வீடுகளில் கிடந்த கூலி லைன் காலம் முதல் எங்கள் பெண்கள் கடைசிப் பெட்டியில் ஏறினார்கள், ஆண்கள் ஏறவில்லை, அவ்வளவுதான். அதில் இன்னொரு வழக்கமும் இருந்தது. நிறுத்தம் வராமல் ஒரு பெண்ணும் அதிலிருந்து இறங்க மாட்டாள். கரும்பு வண்டி எதிரே வந்தால் எங்கள் வண்டியைச் சைடிங்கில், பக்கத்துக் கிளைத் தண்டவாளத்தில், ஒதுக்கி நிறுத்துவார்கள். அரை மணி ஆகும், ஒரு மணியும் ஆகும். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு, உள்ளே யாரோ முன்பின் தெரியாத வெட்டாட்கள். இறங்காமல் உட்கார்ந்திருப்போம். சின்னப் பிள்ளைகள் கேட்டால் "என்ஜின் தண்ணி குடிக்கப் போயிருக்கு" என்போம். தண்ணீரே குடிக்காத டீசல் என்ஜின் வந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கம்பெனி ஒவ்வொரு புதுப் பெட்டியாகக் கொண்டுவந்து சேர்த்து, ஒவ்வொரு பழைய பெட்டியாகக் கழற்றியது. கழற்றியதை லௌத்தோகாவுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் உள்ள சவேனி சைடிங்கில் போட்டு, மரத்தை எரித்து, இரும்பை மட்டும் ஆலைக்கு எடுத்துப் போவார்கள். புதியவற்றில் பெஞ்சுகள் எதிரெதிராக இருந்தன. உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் முழங்கால் இடிக்கும். ஆணும் பெண்ணும் கலந்து உட்கார வேண்டும். பெண்கள் என்னிடம் வந்தார்கள். நான் கம்பெனிக்கு மனு எழுதினேன். பெண்களுக்கென்று ஒரு புதுப் பெட்டி செய்யும்வரை பழைய கடைசிப் பெட்டியை எடுக்கக் கூடாது என்பது ஒன்று. கம்பெனி ஆட்கள் யாரும் அந்தப் பெட்டியின் கித்தானைத் தூக்கி உள்ளே பார்க்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவதை எழுதக் காரணம் அந்த ரயிலின் கார்டு. டிக்கெட்டே இல்லாத வண்டியில் தலை எண்ணுகிறேன் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கித்தானுக்குள் தலையை விடுவான். முந்தின வருடமே அவன்மேல் ஒரு காகிதம் போட்டிருந்தேன். அவனைக் கூப்பிட்டுக் கண்டித்ததாகக் கேள்வி. மறுபடி ஆரம்பித்துவிடக் கூடாதே என்று இதையும் சேர்த்தேன்.

பதில் வந்தது. முத்திரை போட்ட தாளில், இங்கிலீஷில், கடைசிப் பெட்டி தற்போதைக்கு ஓடும், அதன் கித்தானை எங்கள் ஆட்கள் தூக்க மாட்டார்கள் என்று இருந்தது. தற்போதைக்கு என்ற சொல்லை நான் படித்தேன். கம்பெனி அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தும் என்று படித்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்று வெற்றி தலைக்கேறியிருந்தது. அந்தக் கடிதத்தை மடித்து மகளிடம் கொடுத்தேன்.

"யாரு முன்னாடி டப்பாவுக்குப் போன்னு சொன்னாலும் போகாதே. இதைக் காட்டு. என்ன ஆனாலும் கடைசி டப்பாவை விட்டு எறங்காதே."

வாங்கிக்கொண்டாள். பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது மூன்று ஐம்பதுக்கு வருகிறேன். மூன்றாவது பெட்டியின் பின்படியில் கார்டு நின்றிருந்தான். நான் ஓடினேன்.

"கடைசி டப்பா எங்கே?"

"ஆ, காகஜ்வாலி" என்றான். காகிதக்காரி என்று அர்த்தம். அவன் பேசியது ஹிந்துஸ்தானி, நான் தமிழில் எழுதுகிறேன். "அது போயிடுச்சு. சவேனில கழட்டியாச்சு. ஆர்டர்."

"அதுல ஆளுங்க இருந்தாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பாக்கக் கூடாதுன்னு நீதானே எழுதினே."

"என் பொண்ணு அதுல ஏறினாளா இல்லியா, அதைச் சொல்லு."

"லௌத்தோகாவுல ரெண்டு தடவை சொன்னேன், எல்லாரும் முன்னாடி வாங்க, இந்த டப்பா சவேனிக்கு மேல போகாதுன்னு. ஒரு பொண்ணு காகிதத்தை நீட்டிச்சு. மோஹர், முத்திரை போட்ட காகிதம். எனக்கு இங்கிலீஷ் வராது. மோஹரோட நான் சண்டை போடறதா?"

"சவேனில கழட்டும்போது?"

"கித்தான் எறக்கியிருந்துச்சு." சிரித்தான். "எறக்கின கித்தானை நான் தூக்கறதில்ல. ஒரு வருஷமாத் தூக்கல. எல்லாம் உன் தயவு."

விசில் ஊதினான். நான் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "விடு, விழுந்தா அதுக்கும் ஒரு காகிதம் எழுதுவே" என்றான். பெட்டிக்குள் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். அவர்கள் மனைவிகளின் கைநாட்டு என் மனுவில் இருக்கிறது. ரயில் போனது.

அவன் அவர்களை வேண்டுமென்றே விட்டுவந்தானா? இன்றுவரை நான் அப்படித்தான் நினைக்கிறேன். என் கணவர் இல்லை என்கிறார். அவர் விமான நிலையத்தில் வேலை செய்பவர். அன்று மாலை ஷிப்டில் இருந்தார், அவருக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. அந்த இடத்தில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டவள் நான்.

கொட்டகையில் கம்பெனி டெலிபோன் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவர் நம் ஆள்தான், கோயிலில் என்னைப் பார்த்தால் கும்பிடுபவர். கதவை மறித்து நின்றார்.

"போன் கரும்புக்கும்மா. மனுசனுக்கு இல்ல."

"என் பொண்ணு சவேனில நிக்கிறா."

"நின்னா வந்துடுவா. குலம்பர் கேட்டா நான் என்ன சொல்றது?"

குலம்பர் என்பது வெள்ளைக்கார மேற்பார்வையாளர். அந்த மனிதர் அன்று ஐந்து மைலுக்குள் எங்கும் இல்லை. ஆனாலும் இவருக்குப் பயம். நான் அவரைத் தள்ளவில்லை. தள்ளினேன் என்று பிறகு சொல்லித் திரிந்தார். கை பட்டது, அவ்வளவுதான். உள்ளே போய் கைப்பிடியைச் சுற்றினேன்.

ஆலையின் போக்குவரத்து ஆபீசில் ஒரு வாலிபக் குரல் எடுத்தது. நான் இங்கிலீஷில் பேசினேன். அந்தக் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அந்த மரியாதையை என்னால் மறக்க முடியவில்லை.

"அந்தப் பெட்டி காலி, அம்மா."

"அதில் ஆட்கள் இருக்கிறார்கள்."

"காலி என்று ஷீட்டில் எழுதியிருக்கிறது. ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்ட பெட்டி. அதில் பயணிகள் கிடையாது."

"ஷீட்டை எழுதியவர் உள்ளே பார்த்தாரா?"

"ஷீட் காலையிலேயே எழுதப்பட்டது, அம்மா."

"அந்தப் பெட்டியை என்ன செய்யப் போகிறீர்கள்?"

"மரத்தை எரிப்பார்கள். ஆட்கள் சவேனிக்குப் போய்விட்டார்கள்."

போய் நிறுத்தச் சொல்லுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் யாரோ ஒரு சர்தார், வெட்டாட்களின் மேஸ்திரி, கரும்பு லாரி எண்ணிக்கை கேட்டுக் குறுக்கே வந்தான். இணைப்பு அவனுக்குப் போனது. மறுபடி சுற்றினேன், மறுபடி சுற்றினேன். கரும்பு, கரும்பு, கரும்பு. கடைசியில் கொட்டகைக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கி ஆணியில் மாட்டினார்.

வெளியே வந்தபோது வடக்கே புகை தெரிந்தது. அரைவைக் காலத்தில் எல்லாப் பிற்பகலும் புகைதான். வெட்டுவதற்கு முன் கரும்பைக் கொளுத்துவார்கள், கருஞ்சாம்பல் இழை இழையாக வந்து காயப்போட்ட துணியில் விழும். எரிவது கரும்பா மரமா என்று புகையைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அங்கே நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "வயசுக்கு வந்த பொண்ணை டவுனுக்கு அனுப்பினா இப்படித்தான்" என்றார். "உங்க பையன் டவுன்ல என்ன பண்றான்னு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் போய்விட்டார். அதனால் எனக்கு என்ன கிடைத்தது? புகை அங்கேயே நின்றது.

அந்தக் கூட்டத்தில்தான் என் கணவரின் அண்ணன் வந்து நின்றார். பக்கத்து வயலில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தவர். சொந்தமாக லாரி வைத்திருப்பவர். என் மகள் படிப்பை நிறுத்தி ஒரு இடம் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடமாக என் கணவரை அரித்துக்கொண்டிருந்தவர். என்ன நடந்தது என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"என்னம்மா, கம்பெனிக்கு அடுத்த காகிதம் எழுதலையா?"

"மாமா, லாரியை எடுங்க. சவேனிக்குப் போகணும்."

"லாரில பாதி ஏத்தியிருக்கு."

"எறக்குங்க."

"யாரு எறக்கறது, நீயா?"

"நான் எறக்கறேன்."

அவர் பீடியை எடுத்தார், பற்றவைக்கவில்லை. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். அவருக்கு ஆள் கூடி நிற்பது எப்போதும் பிடிக்கும்.

"போறேன். என் தம்பி பொண்ணு, போகாம இருப்பேனா? ஆனா ஒரு பேச்சு. திங்கக்கிழமை அவ ரேல் ஏறக் கூடாது. படிச்ச வரைக்கும் போதும். இத்தனை பேர் நிக்கிறாங்க, இவங்க முன்னாடி சொல்லு."

"மாமா, இதா நேரம்?"

"இதான் நேரம். மத்த நேரத்துல நீ யார் பேச்சைக் கேட்டே?"

"சரி" என்றேன்.

"என்ன சரி?"

"இனிமே அனுப்பல."

இவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தச் சொல். மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்த ஒன்றை, பீடி பற்றவைக்கும் நேரத்துக்குள் கொடுத்துவிட்டேன். அந்த வார்த்தையை நான் பிறகு காப்பாற்றவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் அவளை அனுப்பினேன், இப்போதும் படிக்கிறாள். வாக்குத் தவறியதற்காக அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் எங்களைக் கூப்பிடவில்லை. அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. சொன்னேன் என்பதுதான் போகவில்லை.

லாரியில் நானும் ஏறப் போனேன். "நீ இங்கேயே நில்லு. அவ வேற வழியா வந்தா யார் பாக்கறது?" என்றார். அது சரியான பேச்சு. அவர் வாயிலிருந்து சரியான பேச்சு வந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது. பாதிக் கரும்போடு லாரி போனது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றேன். கொட்டகைக்காரர் ஒரு சாமான் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அவர் கொடுத்த எதிலும் உட்கார மனமில்லை. என் மனம் அந்தக் கடைசி ரயில் பெட்டிக்குள்ளேயே சுற்றியது. வெயில் பக்கத்துக் கித்தானை வெளியிலிருந்து கயிற்றால் கட்டுவார்கள். நாற்பது வருடம் எண்ணெயும் தூசியும் ஊறிய மரம், ஒரு குச்சி போதும். அவள் இறங்கியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். உடனே, இறங்க மாட்டாள் என்று தெரிந்தது. இறங்காதே என்று சொன்னவள் நான். என் பேச்சைத் தட்டுகிற பெண்ணாக அவளை வளர்த்திருக்கக் கூடாதா என்று அன்று முதல் தடவையாக நினைத்தேன்.

அல்லது அவள் அந்தப் பெட்டியிலேயே ஏறவில்லை. லௌத்தோகாவிலேயே நின்றுவிட்டாள். அல்லது கரும்புக்குள் இறங்கி நடந்து வருகிறாள். ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசமாகத் தெரிந்தது.

ஐந்தே முக்கால் இருக்கும். தண்டவாளத்தில் ஒரு கிறீச்சொலி கேட்டது. ரயில் இல்லை, தண்டவாளம் பழுதுபார்ப்பவர்களின் கை டிராலி. நான்கு ஃபிஜியர்கள் இரண்டு பக்கமும் நின்று கைப்பிடியை மாற்றி மாற்றி அமுக்கி ஓட்டிவந்தார்கள். நடுவில் பலகையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று என் மகள். இன்னொன்று எங்கள் பக்கத்து வயல் முஸ்லிம் வீட்டுக்காரி. அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுவேன். லௌத்தோகா சந்தையில் கத்தரிக்காய் விற்கப் போனவர், காலிக் கூடையைத் தலைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

டிராலி நிற்பதற்கு முன்பே ராத்தா பேச ஆரம்பித்துவிட்டார்.

"அல்லா காப்பாத்தினான் புள்ள. நாங்க ஆறு பேரு. டப்பா நின்னுச்சு, என்ஜின் சத்தம் போயிடுச்சு. தண்ணி குடிக்கப் போச்சுன்னு உக்காந்திருந்தோம். ஒரு மணி நேரமாவா குடிக்கும், யானைக்கே வயிறு வெடிச்சுடுமேன்னு நான்கூடச் சொன்னேன். உம் பொண்ணு எறங்கிப் பாக்கறேன்னா. நாந்தான், சும்மா உக்காருடி, கரும்புக்குள்ள எவன் நிக்கிறானோன்னு அதட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இதோ இவன் கித்தானைத் தூக்கினான்." டிராலியிலிருந்த ஒரு பெரிய ஆளைக் காட்டினார். "கையில மண்ணெண்ணெய் டின்னு. எங்களைப் பாத்து அவன் அலறினான், அவனைப் பாத்து நாங்க அலறினோம். டின்னை எங்க மேலேயே போட்டுட்டான். மராமா, மராமான்னு ஒரே மன்னிப்பு."

மராமா என்றால் அவர்கள் பேச்சில் அம்மணி. அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"எரிக்கறதுக்கு முன்னாடி உள்ள யாரு இருக்கான்னு பாக்க வந்தாரா?" என்று கேட்டேன்.

ராத்தா குரலைத் தாழ்த்தினார். "எங்கே? கித்தான் நல்லா இருக்கேன்னு வீட்டுக்கு அவுத்துக்க வந்தானாம். நல்ல கித்தானா இல்லாம இருந்திருந்தா நாங்க இந்நேரம் சாம்பல்."

அந்தப் பெட்டிக்குள் அன்று முழுவதும் யாருமே பார்க்கவில்லை. காலையில் ஷீட் எழுதியவன் பார்க்கவில்லை. கார்டு பார்க்கவில்லை, கொக்கியைக் கழற்றியவர்கள் பார்க்கவில்லை. பார்க்காதே என்று நான் எழுதி வாங்கியிருந்தேன். கித்தான் திருட வந்தவர்தான் பார்த்தார். நான் அவருக்கு வினாகா என்று நன்றி சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் டிராலியைத் திருப்பினார். மற்ற நான்கு பெண்களையும் வழியிலேயே அவரவர் ஊரில் இறக்கிவிட்டிருந்தார்கள்.

மகள் தள்ளி நின்றாள். சட்டையில் மண்ணெண்ணெய் நாறியது. நான் தோளைத் தொட்டேன்.

"தொடாதேம்மா."

"பயந்துட்டியாடி?"

"நான் அப்பவே முன்னாடி போறேன்னு நெனச்சேன். எங்க கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் புது டப்பாவுலதான் ஏறினாங்க. அதுல எடம் இருந்துச்சு. ஜன்னல் இருந்துச்சு. யாரும் அவங்களைக் கடிச்சுத் தின்னல."

"உனக்காகத்தான்டி எழுதினேன்."

"எனக்கு யாரு கேட்டா? அந்த ஆளுகிட்ட உன் லெட்டரைக் காட்டறேன், பிளாட்பாரமே பாத்து சிரிக்குது. ஆப் கா அம்மா பொலீஸ் ஹை க்யா, உங்கம்மா என்ன போலீசான்னு ஒருத்தன் கேட்டான்." ஹிந்தி கலக்காமல் அவளுக்குக் கோபம் வராது. "ரெண்டு தடவை எறங்கறேன்னு எழுந்தேன். ரெண்டு தடவையும் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. உக்காந்துட்டேன்."

ராத்தா, "விடு புள்ள, உசிரோட வந்துட்டா இல்ல" என்றார். எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். "பை எங்கே?" என்று கேட்டேன். தாய்மார்கள் அந்த மாதிரி நேரத்தில் கேட்கிற முட்டாள்தனமான கேள்வி.

"அங்கதான். அந்த ஆளு டின்னைப் போட்டதும் எல்லாரும் குதிச்சு ஓடினோம். பையை யார் பாத்தா? எரிச்சிருப்பாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பேன். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை பேர் முன்னால் நான் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அது இன்னும் தெரியாது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர் ராத்தாவின் காதில் ஏதோ சொன்னார், ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவளை அங்கிருந்து சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று தோன்றியது. "வா, போகலாம்" என்றேன். "பெரியப்பா உன்னைத் தேடிப் போயிருக்காரு, அவருக்கு நான் சொல்லி அனுப்பிக்கறேன், நீ வா."

"பெரியப்பாவா? எனக்காகவா?" அவள் நம்பவில்லை. "அவர் வரட்டும். பாத்துட்டே போறேன்."

நகரவில்லை. அன்று அவள் என் பேச்சைத் தட்டிய முதல் தடவை அது. கொட்டகைக்காரர் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாலை ஒரு பக்கம், தண்டவாளம் ஒரு பக்கம். லாரியும் டிராலியும் ஒன்றையொன்று பார்க்காமல் போய் வந்திருந்தன. ஆறு மணியைத் தாண்டி, வெளிச்சம் மங்கும் நேரத்தில் லாரி திரும்பி வந்தது. கரும்பு அப்படியே பாதி இருந்தது. என் கணவரின் அண்ணன் இறங்கினார். புருவத்திலும் சட்டைக் காலரிலும் சாம்பல். வலது கை முழங்கைவரை கரி. இடது கையில் அவளுடைய பள்ளிப் பை இருந்தது. அதன் ஒரு ஓரம் கருகியிருந்தது. எரியும் பெட்டிக்குள் கையை விட்டாரா, எரிப்பதற்கு முன் வாங்கினாரா, நான் கேட்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள். அவர் அவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார், தலையில் கை வைத்துப் பார்த்தார். பிறகு பையை அவளிடம் நீட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"புஸ்தகம் எல்லாம் இருக்கான்னு பாத்துக்கோ. எண்ணெய் பட்டிருக்கு, நாளைக்கு வெயில்ல வை" என்றார். "திங்கக்கிழமைக்கு இது உனக்கு வேணுமா வேணாமான்னு உங்கம்மாவைக் கேளு. எனக்கு ஒரு வார்த்தை குடுத்திருக்கா."